குடும்பத்தோடு டிரெய்லர் இழுத்து மலை ஏற, டீசல் பிக்கப்பை எப்படித் தயார் செய்வது?

குடியாத்தத்தில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 2018 மாடல் இசுஸு வி-கிராஸ், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. லேத் பட்டறையில் சொல்லி, ஏறக்குறைய 600 கிலோ வரும்படி ஒரு சின்ன கேம்பிங் டிரெய்லர் செய்யப்போகிறார். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஏலகிரி, ஜவ்வாது மலை என்று போய் இரவு தங்கி வர ஆசை. கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. வண்டியை இரண்டு இன்ச் உயர்த்தும் லிஃப்ட், பெரிய டயர், சக்தியைக் கூட்ட என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றும் ரீமேப், புகையில் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வழியை அடைப்பது, இந்த நான்கில் எதை முதலில் செய்யலாம் என்று கேட்கிறார். படித்துப் பார்த்தால் அவர் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. பிள்ளைகளை உட்கார வைத்து, பின்னால் அரை டன்னுக்கு மேல் கட்டிக்கொண்டு, மலை ஏறிப் பத்திரமாக இறங்க இந்த வண்டியை நம்பலாமா என்பதுதான் அது. அதற்குத்தான் பதில் சொல்கிறேன். அந்த நான்கும் வழியிலேயே வந்துவிடும்.

நான் வேலூரில் 24 வருடமாக டீசல் வேலை பார்க்கிறேன். ஐடிஐ முடித்து லாரி பட்டறையில் தொடங்கி, இப்போது பெரும்பாலும் பிக்கப்பும் எஸ்யூவியும்தான் கைக்கு வருகின்றன. ஈசியு என்கிற அந்த என்ஜின் கணினிக்கு மென்பொருள் எழுதும் வேலை நான் செய்வதில்லை. அதனால் ரீமேப் பற்றிச் சொல்லும்போது, ரீமேப் செய்துகொண்டு என் பட்டறைக்கு வந்த வண்டிகளில் பார்த்ததை வைத்துத்தான் சொல்ல முடியும். உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததில் இருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் வண்டியில் இருப்பது 2.5 லிட்டர் டர்போ டீசல். 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க். அந்த டார்க் முழுவதும் 1,800 முதல் 2,800 ஆர்பிஎம்முக்குள் கிடைக்கிறது. 600 கிலோவைக் கட்டிக்கொண்டு ஏலகிரி ஏற அது தாராளம். இரண்டாவது கியரில் நிதானமாக ஏறும், அவ்வளவுதான். கைவிடுவதாக இருந்தால் இறங்கும்போதுதான் கைவிடும். வண்டி, ஆட்கள், சாமான், டிரெய்லர் எல்லாம் சேர்த்து 3,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலகிரி மேலிருந்து அடிவாரம் ஏறக்குறைய 600 மீட்டர் இறக்கம். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தியைப் பிரேக்கே முழுவதும் வாங்கிக்கொண்டால், அந்தச் சூட்டில் 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். ஒரு கல்யாண அண்டா தண்ணீர். அது அத்தனையும் முன்னால் இரண்டு டிஸ்க்கிலும் பின்னால் இரண்டு டிரம்மிலும் இறங்குகிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பிக்கப்பைக் கயிறு கட்டி என்னிடம் இழுத்து வந்தார்கள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த அந்த 14 வளைவுகளில் கடைசி இரண்டு மூன்று பாக்கி இருக்கும்போது பெடல் தரையோடு போய்விட்டது. டிரைவர் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, வண்டியை மலைப்பக்கச் சுவரில் உரசி நிறுத்தியிருக்கிறார். பிளீடர் நட்டைத் திறந்தேன். வந்த பிரேக் ஆயில் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. டிஸ்க்கில் மயில் கழுத்து மாதிரி நீலம் ஓடியிருந்தது. பேடைக் கழற்றி விரலால் தடவினால் கண்ணாடி வழவழப்பு. ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். வாங்கியதில் இருந்து மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்தில் வரும் புதிய ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அதன் கொதிநிலைக்கான குறைந்தபட்ச வரம்பு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்து ஆவி வந்துவிட்டால் பெடலை மிதிக்க மிதிக்க அந்த ஆவிதான் அமுங்கும், டிஸ்க்கைப் பிடிக்காது. வண்டி ஆறியதும் பெடல் மறுபடி கெட்டியாகிவிடும். அதனால்தான் பலர் ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே முதல் செலவு பிரேக்குக்கு. ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதிதாக விடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், மாற்றுங்கள். பின் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டர் கசிகிறதா, லைனிங் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 90,000 ஓடிய வண்டியில் அதை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். அப்புறம் இறங்கும் முறை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே போட்டுவிடுங்கள், பாதியில் தேடாதீர்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். வேகம் கூடினால் நன்றாக அழுத்திக் குறைத்து, முழுவதும் விட்டுவிடுங்கள். டிஸ்க் ஆற அந்த இடைவெளி வேண்டும்.

அடுத்தது எடை. பிக்கப் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். ஆர்சியில் வெறும் எடையும் மொத்த எடையும் போட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு உரிமையான எடை. ஆட்கள், பின்தொட்டியின் மூடி, கூரைக் கூடாரம், ஃப்ரிட்ஜ், தண்ணீர் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. டிரெய்லரின் மூக்கு, அதை வண்டியோடு மாட்டும் ஹிட்ச்சில் இறக்கும் எடையும் அதில் சேர்த்திதான். ஊருக்குக் கிளம்புகிற மாதிரியே எல்லாம் ஏற்றிக்கொண்டு, குடும்பத்தையும் உட்கார வைத்து, ஒரு எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக, டிரெய்லர் தனியாக எடை போட்டுச் சீட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. அந்தச் சீட்டு இல்லாமல் யாராவது உங்களுக்கு ஸ்பிரிங் சிபாரிசு செய்தால் அது குத்துமதிப்புதான். பின்னால் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாக வைத்தால் வண்டி தாழாமல் நிற்கும், உண்மை. அதற்காக வண்டியின் அனுமதி எடை ஒரு கிலோகூட உயர்ந்துவிடாது. அச்சும் பேரிங்கும் பிரேக்கும் பழையதுதானே. பட்டை வைத்தால் 500 கிலோமீட்டரில், அதை அச்சோடு கட்டும் யு போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். சுமையைப் பார்த்துப் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டிக் குறைக்கும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால் அதையும் சரிபார்க்க வேண்டும்.

டிரெய்லரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அது இன்னும் செய்யப்படவில்லை, இப்போது சொன்னால் பிரயோஜனம் உண்டு. அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் உட்கார வேண்டும். 600 கிலோவுக்கு 60 முதல் 90 கிலோ. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மிஷினில் ஹிட்ச் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, அதன் மேல் டிரெய்லர் மூக்கை வைத்தாலே தெரிந்துவிடும், செங்கல் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால், அதாவது பாரம் பின்பக்கம் போய்விட்டால், 80 வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். என்ஹெச் 48-இல் ஒரு பஸ் முந்திப் போகும் காற்றே அதைத் தூண்டப் போதும். அப்படி ஆட ஆரம்பித்தால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள். எதிர்ப்பக்கம் திருப்பவோ பிரேக்கை ஓங்கி மிதிக்கவோ கூடாது. தண்ணீர் டேங்க்கை அச்சுக்குச் சற்று முன்னால் தாழ வைக்கச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால்தான் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். உங்களுடையது அதற்குக் கீழே என்றாலும், மலை இறங்கப் போகிறீர்கள் என்பதால், வண்டி மெதுவாகும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையிலேயே பிடிக்கும் பிரேக்கை வைத்துவிடுங்கள் என்பேன். ஹிட்ச்சைச் சேஸிஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். சேஸிஸ் வாரையில் கம்பெனி விட்டிருக்கும் துளைகளில் ஹை டென்சில் போல்ட் போட்டு முறுக்குவதுதான் முறை. வெல்டிங் சூடு பட்ட இடத்தின் ஓரத்தில்தான் பின்னால் விரிசல் விடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டு, மூக்குக்கு அடியில் குறுக்காக. வண்டியின் கையேட்டில் இழுவை எடை என்று ஓர் எண் கொடுத்திருந்தால், அதுதான் கடைசி வார்த்தை, என் பேச்சு அதற்கு மேல் இல்லை.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குப் பதிவும் இன்சூரன்ஸும் வேண்டும். லேத் பட்டறையில் முதல் கம்பியை வெட்டும் முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் போய், எந்த அளவில், யார் செய்தால் பதிவு செய்வீர்கள் என்று கேட்டுவிடுங்கள். செய்து முடித்தபின் கேட்டால் அது பழைய இரும்பு விலைக்குப் போகும் நிலையும் வரலாம். பிக்கப்பை மாற்றுவதற்கும் அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு இருக்கிறது. ஆர்சியில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கும் மாறாக மாற்றக்கூடாது என்பது அதன் சாரம், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்னால் இரும்பு புல் பார் வைக்க 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. வழியில் பிடிப்பது ஒருபுறம் இருக்கட்டும், விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ்காரர் இதைக் காரணம் காட்டினால் அந்தப் பாரம் குடும்பத்தின் தலையில் விழும்.

இனி சூடு. நம் ஊர் வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மே மாதம் 42, 43 டிகிரி வந்துவிடும். பேரணாம்பட்டு தாண்டிப் பத்தலப்பல்லி மலைப்பாதையில், ஏசி போட்டு, டிரெய்லரோடு, 20 வேகத்தில் ஏறினால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்றே கிடையாது. எல்லாம் ஃபேனை நம்பித்தான். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு, ஃபேன் இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாக எதிர்க்க வேண்டும். காற்றாடி மாதிரி லேசாகச் சுற்றினால் ஃபேன் கிளட்ச் போய்விட்டது. ரேடியேட்டரை வெளியில் இருந்து மட்டும் கழுவினால் ஏசி கண்டென்சருக்கும் அதற்கும் நடுவில் சிக்கிய தூசியும் பூச்சியும் அங்கேயே இருக்கும். உள்பக்கம், என்ஜின் பக்கத்தில் இருந்து வெளியே தள்ளுகிற மாதிரி, மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். கூலன்ட்டுக்கு போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து உப்புத் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். வெந்நீர்ப் பானையின் அடியில் படியுமே, அதே வெள்ளைப் பொருக்கு குழாய்க்குள் முழுக்க. கூலன்ட்டும், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரும் பாதிப் பாதி. அந்தக் கலவை நல்ல ரேடியேட்டர் மூடியின் அழுத்தத்தில் 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் இற்றுப்போனால் அந்த லாபம் போய்விடும், மூடி மலிவான சாமான், மாற்றிவிடுங்கள். மலை ஏறி முடித்ததும் உடனே சாவியைத் திருகி அணைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போவுக்கு ஆயில் ஓடி ஆற வேண்டும்.

ரீமேப்புக்கு வருகிறேன். இழுவை குறைவாக இருக்கிறது என்று வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் நான் பார்ப்பது, இருந்த சக்தியே தொலைந்து போயிருப்பதைத்தான். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். டர்போ தள்ளும் காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் ரப்பர் குழாயில் கிளிப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பிளவு இருக்கும், அங்கே எண்ணெய்ப் பிசுக்கு கசிந்திருக்கும், ஏற்றத்தில் கரும்புகை தள்ளும். இன்டேக் மேனிஃபோல்டில் ஈஜிஆர் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருக்கும். இவற்றைச் சுத்தம் செய்ததும் ரீமேப் வேண்டாம் என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. ரீமேப் செய்தால் டார்க் கூடும், சந்தேகமில்லை. ஆனால் காலி வண்டியில் பத்து விநாடி விரட்டுவது வேறு, பாரத்தோடு இருபது நிமிடம் தொடர்ந்து ஏறுவது வேறு. பாரத்தில்தான் புகைவழிச் சூடு ஏறுகிறது, பழைய கிளட்ச் வழுக்குகிறது. ரீமேப்போடு என்னிடம் வந்த வண்டிகளில் முதலில் மாற்ற வேண்டி வந்தது கிளட்ச்தான். நல்ல கையால், அளவாகச் செய்தால் என்ஜின் ஆயுள் குறையுமா என்றால், என் அனுபவத்தை மட்டும் வைத்து ஆம், இல்லை என்று அடித்துச் சொல்லமாட்டேன். உங்கள் தேவைக்கு அது வேண்டியதில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஈஜிஆரை அடைப்பது சட்டப்படி தவறு, நைட்ரஜன் ஆக்சைடு புகையும் கூடும், அதை நாமும் நம் பிள்ளைகளும்தான் சுவாசிக்கிறோம். கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அடைக்காதீர்கள்.

லிஃப்ட் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. உங்கள் வண்டிக்கு முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன். இரண்டு இன்ச் தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட்டும் பால் ஜாயின்ட்டும் சாய்ந்த கோணத்தில் வேலை செய்யும். ஹிட்ச்சும் கூடவே உயரும், டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாரத்தைப் பின்னால் தள்ளும், மேலே சொன்ன வாலாட்டம் அங்கிருந்து வரும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கும், ஏலகிரிக்கும் தார் ரோடு இருக்கிறது. கடைசி அரை கிலோமீட்டர் மண் பாதைக்கு உங்களிடம் ஏற்கனவே ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறது. காய்ந்த தார் ரோட்டில் மட்டும் அதைப் போடாதீர்கள், முன்னும் பின்னும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். டயர் கம்பெனி அளவிலேயே, ஆல் டெரெய்ன் வகையில் போதும். லோட் இண்டெக்ஸ் பழைய டயருக்குக் குறையாமல் பாருங்கள், 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் அந்த வருடம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் குடும்பத்தோடு டிரெய்லர் இழுக்க மாட்டேன்.

ஃப்ரிட்ஜ், விளக்குக்கு இரண்டாவது பேட்டரி நல்ல யோசனை. 40 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் அளவில் இழுக்கும். நம் கோடையில் நாளில் பாதிக்கு மேல் ஓடும், அதாவது ஒரு நாளைக்கு 50 ஆம்பியர் மணிக்குக் குறையாது. சாதாரண 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம், ஒரு இரவுக்கும் மறுநாள் பகலுக்கும் சரியாக இருக்கும். பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் அல்ல. வேறொரு இடத்தில் போட்ட வயரிங்கோடு ஒரு வண்டி வந்தது. பின்தொட்டித் தகடின் ஓரத்தில் உரசி இன்சுலேஷன் உருகி, கார்பெட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. ஃபியூஸ் இல்லை. அன்று அவர்கள் விழித்திருந்ததால் தப்பினார்கள். மூடிய கூடாரத்துக்குள் கேஸ் அடுப்போ கரி அடுப்போ கொளுத்தாதீர்கள். ஜவ்வாது மலையில் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கூடாரம் போடாதீர்கள், கோடையில் ஒரு பொறி போதும்.

பராமரிப்பில் இரண்டு விஷயம். பாரம் இழுப்பதும் தூசியும் கடினமான உபயோகம், அதனால் ஆயிலைக் கையேட்டில் அதற்கென்று சொன்ன குறைந்த இடைவெளியில் மாற்றுங்கள், மேலே ஊற்றும் சேர்மானப் புட்டிகளில் காசு போடாதீர்கள், அவற்றால் பலன் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. டீசல் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் தண்ணீர் வடியும் திருகை மாதம் ஒருமுறை ஒரு கண்ணாடிக் குப்பியில் திறந்து பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக முத்து மாதிரி நிற்கும். அது இன்ஜெக்டர் வரை போனால் மைக்ரான் கணக்கில் கடைந்த பாகங்கள் துருப்பிடிக்கும், ஒரு செட் மாற்றும் செலவில் உங்கள் இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி போய்விடும். பிராப்பலர் ஷாஃப்ட் கிராஸுக்கும் டிரெய்லர் வீல் பேரிங்குக்கும் பயணத்துக்கு முன் கிரீஸ் அடியுங்கள்.

பிரேக், கூலிங், கரி சுத்தம், டயர், இந்த வரிசையில் செய்தால் உங்கள் பணத்தில் டிரெய்லர் பிரேக்குக்கும் பேட்டரிக்கும் மிச்சம் இருக்கும். முதலில் வெறும் வண்டியில், டிரெய்லர் இல்லாமல், குடும்பத்தோடு ஒருமுறை ஏலகிரி போய் வாருங்கள். இறங்கி வந்ததும் நான்கு வீலுக்கும் பக்கத்தில் கையைக் காட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு வீல் மட்டும் மற்றதைவிட அதிகமாகத் தகித்தால் அதில் டிஸ்க்கை அழுத்தும் காலிப்பர் ஒட்டிப் பிடிக்கிறது, அல்லது டிரம் சரியாக விடவில்லை. எடை மேடைச் சீட்டு, ஆர்சியில் உள்ள இரண்டு எடை, பின்பக்கச் சேஸிஸின் அடியில் இருந்து எடுத்த ஒரு படம், இந்த மூன்றையும் இங்கே போடுங்கள். ஹிட்ச் எங்கே எப்படி மாட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பட்டறையில் ஹிட்ச் வேலையை ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.